படத்துக்குக் காசு: யாழ்ப்பாணத்தில் ஒரு முழுநீளப் படத்தைத் தொடங்கி முடிக்க

யாழ்ப்பாணத்தில் ஒரு படம் நின்றுபோவது பெரும்பாலும் படப்பிடிப்பில் அல்ல. கமரா வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் எப்படியோ காசு வந்துவிடும், ஊரும் தோள் கொடுக்கும். கடைசி நாள் பூசணிக்காய் உடைத்து, குழுவாக நின்று எடுத்த படத்தை முகநூலில் போட்ட பிறகுதான் ஒலிச்சேர்க்கைக்குக் கையில் ஒன்றுமில்லை என்று விளங்கும். அதற்குப் பிறகு கேட்டால் எவரும் தரமாட்டார்கள். "அதுதான் எடுத்து முடிச்சிட்டீங்களே, பிறகென்ன காசு?" என்பார்கள். அதனால் இங்கே காசு சேர்க்கும் வேலையைப் பின்னாலிருந்து தொடங்க வேண்டும்.

முடிவிலிருந்து கணக்குப் போடுங்கள்

எடுத்துக்காட்டுக்கு 60 இலட்சம் ரூபாப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 20 நாள் படப்பிடிப்பு, நாளுக்கு 25 பேர். எழுத்தும் முன் ஆயத்தமும் 4 இலட்சம், நடிகரும் தொழில்நுட்பக் குழுவும் 13, கமரா, லைற், ஒலிப்பதிவுக் கருவி வாடகை 8, சாப்பாடு, போக்குவரத்து, தங்குமிடம் 12, கலையும் உடையும் இடமும் 4, படத்தொகுப்பும் நிறச்சீரமைப்பும் 4, ஒலியும் இசையும் 5, திரையரங்குப் பிரதி, துணைத்தலைப்பு, தணிக்கை, விளம்பரம் 5, எதிர்பாராச் செலவு 5.

இதில் எல்லோரும் பிழைவிடுவது சாப்பாட்டில். ஒருவருக்குக் காலை, மதியம், பின்னேரத் தேநீர், இரவு எல்லாம் சேர்த்து நாளுக்கு 1,500 ரூபா என்று வைத்தால் 25 பேருக்கு 37,500. 20 நாளுக்கு 7.5 இலட்சம். "வீட்டில சமைச்சுத் தருவினம்" என்று இந்த வரியையே எழுதாமல் விடுபவர்கள் உண்டு. வீட்டில் சமைத்தாலும் அரிசியும் மீனும் எரிவாயுவும் யாரோ ஒருவருடைய காசுதான். நாலாம் நாளே அது இயக்குநரின் சட்டைப்பையிலிருந்து போகத் தொடங்கும்.

அடுத்தது முக்கியமான கூட்டல். படத்தொகுப்பு 4, ஒலி 5, வெளியீடு 5, எதிர்பாராச் செலவு 5: மொத்தம் 19 இலட்சம். இந்த 19 இலட்சமும் தனி வங்கிக் கணக்கில் இருக்கும்வரை படப்பிடிப்புத் திகதி குறிக்காதீர்கள். மிச்சம் 41 இலட்சத்துக்குப் படம் எடுக்க முடியாவிட்டால் காட்சியைக் குறையுங்கள், நாளைக் குறையுங்கள். அந்த 19 இலட்சத்தில் கைவைக்க வேண்டாம்.

ஒவ்வொரு ரூபாவும் என்ன வகை?

முன்பு ஒருவருடைய பணப்பை ஒரு படத்தைத் தாங்கியது. கட்டடக் கலைஞர் வி.எஸ்.துரைராஜா 1972இல் 'குத்துவிளக்கு' தயாரித்தது அப்படித்தான். இப்போது 30, 40 பேரிடமிருந்து சிறுகச் சிறுக வருகிறது. சண்டை வருவதற்குத் தொகை காரணமல்ல. கொடுத்தவர் ஒன்று நினைத்துக் கொடுப்பார், வாங்கியவர் வேறொன்று நினைத்து வாங்குவார். காசு ஐந்து வகை. வாங்கும் அன்றைக்கே வகையைச் சொல்லி எழுதிவிட வேண்டும்.

நன்கொடை திரும்பாது. நன்றிப் பட்டியலில் பெயர் வரும், அவ்வளவுதான். கடன் திரும்ப வேண்டும், படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும். பங்கு, படம் உழைத்தால் மட்டும் உழைக்கும். முற்பணம் என்பது ரிக்கெற், ஒளிபரப்பு உரிமை போன்ற எதையோ முன்கூட்டி விற்றது. பொருளுதவி என்றால் வீடு, வாகனம், ஜெனறேற்றர், கருவி. பொருளுதவியையும் ரூபாவில் மதிப்பிட்டுக் கணக்கில் போடுங்கள். வெளிநாட்டு நிதியத்துக்கு விண்ணப்பிக்கும்போது அது உங்கள் பக்கப் பங்களிப்பாக நிற்கும்.

ஆறாவதாக ஒன்று சத்தமில்லாமல் நுழையும்: "பிறகு தாறம்" என்று சொன்ன சம்பளம். அதுவும் கடன்தான். ஒளிப்பதிவாளருக்கு 2 இலட்சம் பிந்திக் கொடுப்பதென்றால், முதல் வருமானத்தில் எந்த இடத்தில் அவர் நிற்கிறார் என்று அவருடைய ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

யார் முதலில் எடுப்பது என்ற வரிசையை ஒரு பக்கத்தில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். அதே 60 இலட்சத்தில் நன்கொடை 12, பொருளுதவி 8, கடன் 10, பங்கு 30 என்று வைப்போம். திரையரங்கப் பங்கும் வரியும் கழித்து 34 இலட்சம் கைக்கு வருகிறது. முதலில் கடன் 10 போகும். மிச்சம் 24 பங்காளருக்கு. 30 போட்டவர்களுக்கு 24 என்றால் ரூபாவுக்கு 80 சதம். ஒரு இலட்சம் போட்ட மாமாவுக்கு 80,000 திரும்புகிறது. வரிசை எழுதாமல் இருந்தால் அவர், "34 வந்ததாம், 30தானே பங்கு, எனக்கு ஏன் குறையுது?" என்று கேட்பார். கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

பங்காளர் போட்டது முழுக்கத் திரும்பிய பிறகு வருவதைப் பங்காளருக்குப் பாதி, தயாரிப்புக்குப் பாதி என்று பிரிப்பது பரவலான வழக்கம். நடிகர், எழுத்தாளருக்குச் சதவீதம் கொடுப்பதென்றால் தயாரிப்புப் பாதியிலிருந்து கொடுங்கள். பங்காளரின் பாதியைத் தொட வேண்டாம்.

கம்பனியா, வியாபாரப் பெயரா?

குறும்படத்துக்குப் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு போதும். அதை வைத்து வங்கிக் கணக்குத் திறக்கலாம். ஆனால் அதில் பங்கு விற்க முடியாது, கடன் முழுக்க உங்கள் தலையில். முழுநீளப் படத்துக்குப் பங்குக்காசு வருமென்றால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் தனியார் கம்பனி பதியுங்கள். படம் ஒன்றுக்குக் கம்பனி ஒன்று என்பது நல்லது, ஒரு படத்தின் கடன் அடுத்த படத்தைப் பிடித்திழுக்காது.

இங்கே ஒரு குழி இருக்கிறது. தனியார் கம்பனி பொதுமக்களுக்குப் பங்கு விற்க முடியாது, ஊழியர் தவிர்ந்த பங்காளர் 50 பேருக்கு மேல் இருக்கவும் முடியாது. "ஒரு பங்கு 25,000 ரூபா, விரும்பியவர்கள் உட்பெட்டிக்கு வாருங்கள்" என்று முகநூலில் போடுவது இந்த வரம்பைத் தாண்டுகிறது. பங்கென்றால் தெரிந்தவர்களோடு நேரில் கதையுங்கள், 50க்குள் நிறுத்துங்கள். முகநூலில் கேட்பதென்றால் நன்கொடையும் முன்பதிவு ரிக்கெற்றும் மட்டும்.

வங்கிக் கணக்கு இரண்டு வேண்டும்: ஒன்று படப்பிடிப்புக்கு, மற்றது மேலே சொன்ன 19 இலட்சத்துக்கு. இரண்டாவதற்கு இரண்டு கையெழுத்து வையுங்கள், அதில் ஒன்று படப்பிடிப்புத் தளத்தில் நிற்காத ஒருவருடையது. 14ஆம் நாள் இரவு மழையில் நனைந்த லைற்றுக்குப் பதில் லைற் தேடும்போது இயக்குநருக்கு அந்தக் காசு மிக இனிமையாகத் தெரியும்.

வெளிநாட்டிலிருந்து வரும் காசு

ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சூரிச். யாழ்ப்பாணப் படத்துக்குக் காசு இருக்கும் இடங்கள் இவை. கேட்கும் வழி தனியாள், ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம் என்று மூன்று. சங்கங்கள் பொதுக்கூட்டத்தில் முடிவெடுக்க மாதங்கள் ஆகும். பாடசாலைக்கு மலசலகூடம் கட்டுவதா, படமா என்ற கேள்வியில் படம் தோற்பது இயல்பு. சங்கத்திடம் காசு கேட்பதைவிட மண்டபக் காட்சி ஒன்றைப் பொறுப்பெடுக்கச் சொல்லுங்கள். 200 ரிக்கெற் விற்பது அவர்களுக்குப் பழகிய வேலை.

தனியாளுக்கு எழுதும்போது நீண்ட கதை வேண்டாம். வட்ஸ்அப்பில் இந்த அளவு போதும்:

"வணக்கம் மாமா. 20 நாள் படப்பிடிப்பு, 60 இலட்சம் செலவு. 35 சேர்ந்திட்டுது, கணக்கு இணைச்சிருக்கிறன். உங்களிட்டக் கேக்கிறது பங்கு, கடன் இல்லை. படம் உழைக்காட்டித் திரும்பாது. ஒப்பந்தத்தை வாசிச்சிட்டுச் சொல்லுங்கோ. இல்லை எண்டாலும் பரவாயில்லை மாமா, படம் லண்டனுக்கு வரேக்க நீங்கள் கட்டாயம் வரவேணும்."

"திரும்பாது" என்ற சொல்லை விழுங்கிவிட்டு அனுப்பினால் காசு விரைவாக வரும். உறவு அதைவிட விரைவாகப் போகும்.

காசு வரும் பாதையும் முக்கியம். வங்கிக்கு வெளியே ஆள்வழி காசு கைமாற்றும் உண்டியலில் அனுப்பச் சொல்லாதீர்கள். சட்டம் ஒருபுறம் இருக்க, உங்கள் கணக்கில் அந்தக் காசுக்குப் பிறப்பே இருக்காது, கணக்காய்வில் விளக்கமும் சொல்ல முடியாது. வெளிநாட்டில் வாழ்பவர் கம்பனியில் பங்கு வாங்குவதென்றால் உள்முக முதலீட்டுக் கணக்கு ஒன்றை இங்குள்ள வங்கியில் திறந்து அதன் வழியாகவே அனுப்ப வேண்டும். 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழான ஏற்பாடு இது. அந்தப் பாதையில் வந்தால்தான் இலாபத்தை அதே பாதையில் திருப்பி அனுப்பலாம். வீட்டுச் செலவுக்கு அனுப்புவதுபோல் அம்மாவின் சேமிப்புக் கணக்குக்கு அனுப்பிவிட்டால், பிறகு பங்குக்காசு என்று நிரூபிக்கவே பெரும்பாடு.

கொழும்பில் செய்ய வேண்டியது

1971ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான கூட்டுத்தாபனம், இன்றைய தேசிய திரைப்படக் கூட்டுத்தாபனம், பௌத்தாலோக மாவத்தையில் இருக்கிறது. ஒருகாலத்தில் இறக்குமதியும் விநியோகமும் அதன் கையில் மட்டும் இருந்தன. இன்று அப்படியில்லை. ஆனாலும் திரையரங்கில் ஓட வேண்டிய முழுநீளப் படத்தைத் தொடங்குமுன் அங்கே பதிந்துகொள்ளுங்கள். படம் முடிந்த பிறகு பழைய திகதியில் பதிவு தேடி அலைவது வீண் அலைச்சல்.

கூட்டுத்தாபனத்தின் கடன், உதவித் திட்டங்கள் அரசாங்கமும் பணிப்பாளர் சபையும் மாற மாறத் திறந்து மூடும். அதை உங்கள் நிதித் திட்டத்தில் "எதிர்பார்ப்பது" என்ற பத்தியில் மட்டும் எழுதுங்கள். விண்ணப்பத்தைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் கதைச்சுருக்கத்தையும் வரவுசெலவையும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பின்னால் இணையுங்கள். மொழிபெயர்ப்பாளர் மேசையில் கோப்பு ஆறு வாரம் தூங்காது. பொதுக் காட்சிக்கு முன் தணிக்கைச் சபை படத்தைப் பார்க்க வேண்டும். வசனங்களின் எழுத்துப் பிரதியையும் ஆயத்தமாக வைத்திருங்கள். ரிக்கெற் அச்சடித்துவிட்டுத் தணிக்கைக்கு ஓடக்கூடாது.

இடங்களுக்கான அனுமதியும் காசோடு சம்பந்தப்பட்டது. யாழ்ப்பாணக் கோட்டைக்குத் தொல்பொருள் திணைக்களம், தெருவுக்குப் பொலிஸும் மாநகர சபையும், ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை. அனுமதி வராமல் ஒரு நாள் போனால் உங்கள் 20 நாள் கணக்கில் இருபதில் ஒரு பங்கு போனது.

வெளிநாட்டு நிதியங்கள்

எல்லாப் படத்துக்கும் இவை பொருந்தா. நகைச்சுவையும் சண்டையும் பாட்டுமாக ஊர்த் திரையரங்கை நம்பி எடுக்கும் படத்துக்கு இந்தப் பக்கம் நேரம் செலவழிக்க வேண்டாம். ஓர் இயக்குநரின் தனிக்குரல் உள்ள கதைக்கு மட்டும் இவை திறக்கும்.

ரொட்டர்டாம் விழாவின் ஹூபர்ட் பால்ஸ் நிதியம் எழுத்துக் கட்டத்துக்கு உதவும். அந்த வகை உதவி 10,000 யூரோ அளவில் இருந்துவருகிறது. பேர்லின் விழாவின் உலகத் திரைப்பட நிதியத்துக்கு ஜெர்மன் தயாரிப்பாளர் ஒருவர் வேண்டும். பிரான்சின் உலகத் திரைப்பட உதவிக்குப் பிரெஞ்சு இணைத் தயாரிப்பாளர் வேண்டும். இலங்கை இயக்குநர் விமுக்தி ஜயசுந்தர 2005இல் கான் விழாவில் தங்கக் கமரா விருது வாங்கிய படம் பிரெஞ்சுக் கூட்டுத் தயாரிப்பாகத்தான் உருவானது. அந்த இணைத் தயாரிப்பாளரைச் சந்திக்க நமக்குப் பக்கத்தில் உள்ள சந்தை கோவாவில் நவம்பரில் நடக்கும் ஃபிலிம் பஸார். 2015இலிருந்து நடக்கும் யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழாவுக்கும் வெளிநாட்டு விழாக்காரர் வருகிறார்கள். அங்கே படம் மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள்.

விண்ணப்பக் கோப்பில் ஒரு வரிக் கதை, ஒரு பக்கச் சுருக்கம், காட்சி விரிவுரை, இயக்குநர் கூற்று, யூரோவில் வரவுசெலவு, நிதித் திட்டம், முந்திய படத்தின் இணைப்பு ஆகியவை இருக்கும். நிராகரிப்புக்குப் பெரும்பாலும் காரணம் நிதித் திட்டம். "உறுதியானது", "எதிர்பார்ப்பது" என்று இரண்டு பத்தி போட்டு, உறுதியானவற்றுக்கு வங்கிக் கடிதமோ ஒப்பந்தமோ இணைக்க வேண்டும். உறுதிப் பத்தி வெறுமையாக இருக்கும் கோப்பை எவரும் இரண்டாம் முறை திறக்கமாட்டார்கள். மாமாவின் ஒரு இலட்சம், ஒப்பந்தத்தோடு, அங்கே எடை கூடியது. இயக்குநர் கூற்றில் போரைப் பற்றிப் பொதுவாக நான்கு பந்தி எழுதுவதும் பழகிப்போன பிழை. இந்தக் கதையில் எந்தத் தெரு, எந்த வீடு, யாருடைய நாள் என்று எழுதுங்கள்.

காசு தவணையாக வரும், கடைசித் தவணை வேலையைக் கையளித்த பிறகு. அந்த இடைவெளியை நிரப்ப நகை அடகு வைப்பவர்கள் வட்டியையும் வரவுசெலவில் எழுதட்டும்.

உரிமைப் பத்திரம்

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் படத்தின் பொருளாதார உரிமைக்கு முதல் சொந்தக்காரர் தயாரிப்பாளர். உரிமையை இன்னொருவருக்கு மாற்றுவதென்றால் எழுத்தில், இரு தரப்பும் கையெழுத்திட்டு இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு நிற்காது. கதாசிரியர், இசையமைப்பாளர், ஒளிப்பதிவாளர், ஒவ்வொரு நடிகர், வீடு தந்தவர் எல்லோரிடமும் பத்திரம் வாங்குங்கள். படப்பிடிப்பின் முதல் நாள் காலை, தேநீரோடு நீட்டினால் எல்லோரும் சிரித்துக்கொண்டு கையெழுத்துப் போடுவார்கள். படம் ஓடிய பிறகு நீட்டினால் சட்டத்தரணியோடு வருவார்கள்.

கல்யாண வீட்டுக் காட்சியின் பின்னணியில் ஒலிபெருக்கி தமிழ்நாட்டுப் பாட்டைப் போட்டுக்கொண்டிருந்தால் அது உங்கள் ஒலித்தடத்தில் ஏறிவிடும். யூரியூப் அதைப் பிடித்து வருமானத்தைப் பாட்டுக்காரருக்கு அனுப்பும். பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு எடுங்கள்.

செலவு கசியும் இடங்கள்

இங்கே கமராவும் லைற்றும் கல்யாண வீடியோக்காரரிடம்தான் இருக்கின்றன. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் முகூர்த்தம் நிறைந்திருக்கும், வாடகை குறையாது, ஆளும் பாதி நாளில் மண்டபத்துக்கு ஓடுவார். ஆடியில் கல்யாணம் இல்லை, மழையும் இல்லை, பேரம் பேசலாம். நல்லூர்த் திருவிழா தொடங்கினால் நகரத்துக்குள் ஒலிப்பதிவு நடக்காது, வடமராட்சி, தீவகக் காட்சிகளை அந்த நாட்களுக்கு வையுங்கள். மார்கழியிலும் கமரா கிடைக்கும், ஆனால் மாரி மழையை நம்ப முடியாது. ஐப்பசி, கார்த்திகையை விட்டுவிடுங்கள்.

கல்யாணக் கமராக்கள் வழக்கமாக நொடிக்கு 25 பிரேமில் நிற்கும். திரையரங்குப் பிரதியான டி.சி.பிக்கு வழக்கம் 24. 25இல் எடுத்ததை 24க்கு இழுத்தால் படம் 4 சதவீதம் மெதுவாகும், ஒலியையும் திரும்பச் சரிசெய்ய வேண்டும், அதற்குத் தனிக் காசு. முதல் நாளே எல்லாக் கமராவையும் 24இல் வைத்து, ஷட்டரை நொடியின் ஐம்பதில் ஒன்றில் நிறுத்துங்கள். நம்முடைய மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் அப்படி வைத்தால் குழாய் விளக்கு துடிக்காது.

ஒலிக்கலவை சென்னையில் செய்வதென்றால் பலாலியிலிருந்து விமானம் இருக்கிறது. வன்தட்டு இரண்டு கொண்டுபோங்கள், ஒன்று கைப்பையில், ஒன்று பெட்டியில், மூன்றாவது வீட்டில் கிடக்கட்டும்.

காசு திரும்பும் வழி

ரிக்கெற் 1,000 ரூபா என்றும், களியாட்ட வரியும் திரையரங்கப் பங்கும் போய் உங்கள் கைக்கு 450 வருகிறதென்றும் வைப்போம். 60 இலட்சத்துக்கு 13,334 ரிக்கெற். 300 இருக்கை மண்டபம் 45 காட்சி நிறைய வேண்டும். இந்திய நட்சத்திரப் படம் ஒன்று வெள்ளிக்கிழமை இறங்கினால் உங்களுக்குக் கிடைப்பது காலைக் காட்சிதான். அதனால் திரையரங்கோடு பங்கு பேசுவதா, காட்சி ஒன்றுக்கு வாடகை கொடுத்து ரிக்கெற்றை நீங்களே விற்பதா என்று முதலிலேயே தீர்மானியுங்கள். 150 ரிக்கெற் கைவசம் விற்றுவிட்ட காட்சிக்கு வாடகை இலாபம். எவர் வருவார் என்று தெரியாத காட்சிக்குப் பங்கு பாதுகாப்பு.

வரிசை இப்படி வரட்டும்: முதலில் விழாக்கள், ஏனென்றால் பல விழாக்கள் இணையத்தில் வந்த படத்தை எடுக்கா. பிறகு யாழ்ப்பாணத் திரையரங்கு. அடுத்த மாதமே வெளிநாட்டு மண்டபங்கள், ஒவ்வொரு நகரிலும் ஒரே வார இறுதி. அங்கே இரகசியமாகக் கைபேசியில் பதிபவர் ஒருவர் இருப்பார், காட்சிகளுக்கு இடையே நாள் நீண்டால் படம் ரெலிகிராமில் போய்விடும். கடைசியில் யூரியூப். விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரரும் ஓராண்டில் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும், நீளப் படங்களின் விளம்பரக் காசில் 55 சதவீதம் உங்களுக்கு. புதுச் சனல் திறந்து படத்தைப் போட்டால் கூட்டம் வரும் முதல் வாரம் சல்லி வராது. படப்பிடிப்புத் தொடங்கும்போதே சனலைத் திறந்து, பின்னணிக் காட்சிகளைப் போட்டுத் தகுதியை எடுத்துவிடுங்கள். யூரியூப் கேட்கும் அமெரிக்க வரிப் படிவத்தையும் அப்போதே நிரப்புங்கள்.

வருமானம் வரத் தொடங்கியதும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பக்கக் கணக்கு எல்லாப் பங்காளருக்கும் போக வேண்டும்: எந்த மண்டபம், எத்தனை ரிக்கெற், கழிவு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு, உங்கள் பங்கு எவ்வளவு. ஒன்றும் வராத காலாண்டிலும் "0" என்று எழுதி அனுப்புங்கள்.